கடனை அடைக்க சென்னையை விட்டு நெல்லைப் பக்கம் குடி வர்றவங்களுக்கு: நாங்க செஞ்சதும், முன்னாடியே செஞ்சிருக்க வேண்டியதும்

மேடவாக்கத்துல 14,000 ரூபா வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு 2023 மே கடைசியில சேர்மாதேவிக்கு குடி வந்தோம். நான், எங்க வீட்டுக்காரங்க, நாலாங்கிளாஸ் போகப்போற மக, கூடவே 7,10,000 ரூபா கடன். இப்ப அதுல பாதிக்கு மேல அடைஞ்சிருச்சு, அடகுல இருந்த நகையும் 25 மாசத்துல வீட்டுக்கு வந்திருச்சு. தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு நிறைய பேர் போன் போட்டு "எப்படிக்கா பண்ணுனீங்க, நாங்களும் ஊருக்கே வந்துரலாமா"ன்னு கேக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லுததுக்குப் பதிலா முழுசா எழுதிருதேன்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிருதேன். வாடகை கம்மியான ஊருக்கு வந்துட்டா கடன் தானா கரையும்னு நெனச்சு வராதீங்க. மிச்சமாகுற காசு கையில தங்காது, புது ஊர்ல அதுக்குன்னு புதுசா செலவு முளைக்கும், அதுவும் சொந்த ஊரா இருந்தா பத்து மடங்கு முளைக்கும். அதனால எந்த ஊருக்கு வர்றீங்க, சொந்தக்காரங்க கிட்ட இருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி வர்றீங்க, வர்றதுக்கு முன்னாடி எந்தக் கடனை முடிச்சுட்டு வர்றீங்க, இந்த மூணுலதான் விஷயமே இருக்கு.

வண்டி ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்க, வீட்டுல ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து எல்லாக் கடனையும் எழுதுங்க. யாருக்கு, எவ்வளவு பாக்கி, மாசம் எவ்வளவு கட்டுதோம், அதுல வட்டி மட்டும் எவ்வளவு, எந்தத் தேதி. ஞாபகத்துல இருந்து எழுதாதீங்க. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க்னு நம்ம கடன் கணக்கையெல்லாம் பதிஞ்சு வைக்கிற நாலு கம்பெனி இருக்கு, ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை இலவசமா குடுக்கணும்ங்கிறது ரிசர்வ் பேங்க் விதி. அவங்கவங்க சைட்டுலயே போய் எடுங்க, காசு கேக்குற வேற ஆப்புக்குப் போக வேண்டியதில்ல. ரெண்டு பேர் பேருலயும் எடுங்க.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுதேன்னா, நாங்க ரிப்போர்ட் எடுத்த அன்னைக்குத்தான் எங்க வீட்டுக்காரங்க பேருல 40,000 ரூபா ஆப் லோன் ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரிஞ்சுது. ராத்திரி பதினோரு மணி, பிள்ளை தூங்கிட்டா, நான் போன்ல அந்த வரியை ரெண்டு தடவை படிச்சுட்டு அவங்களைப் பார்த்தேன். அவங்க "உனக்குத் தெரிஞ்சா கஷ்டப்படுவேன்னுதான்"ன்னு சொல்லி முடிக்கல, அழுதுட்டாங்க. அன்னைக்கு சண்டை போடாம அந்த வரியையும் நோட்டுல எழுதுனேன், இப்பவும் அது நான் செஞ்ச நல்ல காரியங்கள்ல ஒண்ணுன்னு நெனைக்கேன். உங்க வீட்டுலயும் அப்படி ஒரு வரி இருக்கலாம், இருந்தா அது குடி மாறுறதுக்கு முன்னாடி வெளிய வரட்டும்.

எங்க நோட்டு இப்படி இருந்துச்சு. பேங்க் பர்சனல் லோன் 3,60,000, வட்டி 14%, மாசத் தவணை 10,400. கிரெடிட் கார்டு 1,50,000. ஆப் லோன் 40,000, மாசம் 4,600. ஒருத்தர்கிட்ட மூணு வட்டிக்கு 60,000, அதாவது நூத்துக்கு மாசம் மூணு ரூபா, மாசம் 1,800 வட்டி மட்டும். அப்புறம் எங்க சித்திகிட்ட கைமாத்து ஒரு லட்சம், அதுக்கு வட்டி கிடையாது.

இதுல கார்டுதான் ஆளைக் கொல்லும். எங்களுக்கு மாசம் 3.5%, 1,50,000க்கு 5,250 ரூபா வட்டி, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, மொத்தம் 6,195. மினிமம் டியூன்னு (மாசம் குறைஞ்சது இவ்வளவாவது கட்டணும்ங்கிற தொகை) 5% கேட்டாங்க, 7,500. அதைக் கட்டுனா அசல்ல 1,305 ரூபாதான் குறையும், அந்த மாசமே மளிகைக்கு 4,000 தேய்ச்சோம்னா கடன் கூடித்தான் போகும். இன்னொண்ணு, பழைய பாக்கி இருக்கும்போது புதுசா தேய்க்கிறதுக்கு 45 நாள், 50 நாள் வட்டியில்லாத காலம்னு ஒண்ணும் கிடையாது, தேய்ச்ச அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுரும். இது தெரியாம ரெண்டு வருஷம் கட்டியிருக்கோம்.

குடி மாறுனா உங்களுக்கு உண்மையிலேயே மிச்சமாகுமா

நான் ஒரு ஆபீஸ்ல கணக்கு, ஜிஎஸ்டி வேலை பாக்கேன், 26,000. அவங்க ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக், சொந்தமா, மாசம் 30,000 சுமார். சென்னையில இருந்தப்ப மொத்தம் 56,000. செலவு, வாடகையும் மெயின்டெனன்ஸ் தண்ணியும் 15,500, ஸ்கூல் பீஸ் வேனோட 6,000, பெட்ரோல் 5,000, சாப்பாட்டுச் சாமான் 12,000, கரண்ட் 1,500, போன் நெட் 1,500, மத்தது 4,500. கூட்டுனா 46,000. கையில 10,000 நிக்கும், கடனுக்குக் கட்ட வேண்டியது 24,300. மாசம் 14,300 துண்டு விழும், அதை கார்டுல போட்டு ஓட்டுனோம்.

இங்க வந்தப்புறம் என் சம்பளத்தை 22,000 ஆக்கிட்டாங்க, வீட்டுல இருந்து வேலைங்கிறதால. அவங்களுக்கு முதல் நாலு மாசம் 12,000 வந்ததே பெருசு, ஏன்னா புது ஊர்ல மெக்கானிக்கை யாருக்குத் தெரியும். ஆக 34,000. செலவு: வாடகை 4,500, ஸ்கூல் 800, பெட்ரோல் 2,500, சாப்பாடு 8,500, கரண்ட் 400, போன் நெட் 1,100, மத்தது 3,000, மொத்தம் 20,800. மிச்சம் 13,200. வருமானம் 22,000 ரூபா குறைஞ்சும் கையில நிக்கிறது கூடியிருக்கு, ஆனா கூடுனது வெறும் 3,200தான், பாருங்க. பழைய கடனையெல்லாம் அப்படியே தூக்கிட்டு வந்திருந்தா 24,300 கட்ட முடியாம இங்க வந்தும் மூழ்கியிருப்போம். அதனாலதான் சொல்லுதேன், ஊர் மாறுறது பாதி வேலை, கடனை மாத்துறது மீதி வேலை.

நீங்க கணக்குப் போடும்போது வரப்போற வருமானத்தை பாதியா போட்டுப் பாருங்க, அதுவும் ஆறு மாசத்துக்கு. அப்பவும் மாசக் கட்டாயத் தவணை கட்ட முடிஞ்சா வாங்க. முடியலன்னா இப்ப இருக்குற ஊர்லயே வாடகை கம்மியான ஏரியாவுக்கு மாறுறது நல்லது, வெக்கப்படாம சொல்லுதேன், எல்லாருக்கும் ஊர் மாறுறது ஒத்துவராது.

வேலை

வீட்டுல இருந்து வேலைன்னா வாய்ப்பேச்சா வாங்கிட்டு வராதீங்க, மெயில்ல வாங்குங்க, சம்பளம் குறையுமா, மாசம் எத்தனை நாள் நேர்ல வரணும்னு. நேர்ல போகணும்னா நெல்லை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறுனா காலையில எழும்பூர், 2023 செப்டம்பர்ல இருந்து வந்தே பாரத்தும் ஓடுது, ஆனா கடன் இருக்குறவங்களுக்கு ஸ்லீப்பர் போதும், 60 நாளைக்கு முன்னாடியே போட்டு வைங்க. இங்க மாசத்துல ஒரு நாள் பராமரிப்புன்னு சொல்லி காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் கரண்ட் எடுப்பாங்க, முந்தின நாளே பேப்பர்ல வந்துரும். ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வச்சா அன்னைக்கு லீவு போட வேண்டாம்.

இங்கயே வேலை தேடுறவங்க கங்கைகொண்டான் சிப்காட், அங்கயே இருக்குற எல்காட் ஐடி பார்க், தென்காசி பக்கம் மத்தளம்பாறையில ஜோஹோ, இதெல்லாம் பாருங்க. ஆனா வேலை கிடைச்சப்புறம் வாங்க, வந்துட்டுத் தேடலாம்னு நெனைக்காதீங்க. கைத்தொழில் இருக்குறவங்களுக்கு மட்டும் நான் வேற மாதிரி சொல்லுவேன், ஏசி, வயரிங், பிளம்பிங், தையல் இதெல்லாம் இங்க நாலஞ்சு மாசத்துல பிடிபட்டுரும், ஒரு வீட்டுல நல்லா செஞ்சு குடுத்தா தெரு முழுக்க கூப்புடுவாங்க. எங்க வீட்டுக்காரங்களுக்கு அஞ்சாவது மாசத்துல இருந்து 20,000 வர ஆரம்பிச்சுது.

எந்த ஊரு? இதுலதான் அவசரப்படக் கூடாது

எங்க வீட்டுக்காரங்க ஊரு களக்காடு பக்கம். வீடு சும்மா கிடக்கு, வாடகையே இல்ல, அத்தை (என் மாமியார்) "ஏம்மா, நம்ம வீடு இருக்கையில எதுக்கு வாடகை குடுக்கணும், இங்க வந்துருங்க"ன்னுதான் சொன்னாவ. பாசமாத்தான் சொன்னாவ. நான்தான் வேண்டாம்னேன், கொஞ்ச நாள் அவங்களுக்கு மனவருத்தமும் இருந்துச்சு.

காரணம் செய்முறை, அதாவது விசேஷ வீட்டுக்கு மொய், சீர்னு செய்யுறது. ஊருக்குள்ள ஒரே தெருவுல குடி இருந்தா சடங்கு, காதுகுத்து, பால்காய்ப்பு, கல்யாணம், துஷ்டி (சாவு) எல்லாத்துக்கும் ஆளோட போகணும், கையோட போகணும். சென்னையில இருந்தவங்கன்னா மத்தவங்க 500 எழுதுற இடத்துல உங்ககிட்ட 2,000 எதிர்பார்ப்பாங்க. அதுக்கு மேல கோயில் கொடை (திருவிழா), அதுக்கு குடும்பத்துக்கு இவ்வளவுன்னு போடுற தலைக்கட்டு வரி. சாமி காரியத்தைக் குறைச்சுச் சொல்லல, நாங்களும் வரி குடுக்கோம், அதை வருஷத்துக்கு ஒரு தடவை முன்னாடியே ஒதுக்கி வச்சுக் குடுக்கோம். ஆனா தினமும் வாசல்ல ஒரு பத்திரிகை வந்து நிக்கிற இடத்துல கடன் அடைக்க முடியாது. இன்னொரு பக்கம், ரொம்பத் தள்ளியும் போகக் கூடாது. பிள்ளைக்கு காய்ச்சல்னா ஓடி வர ஆள் வேணும், பிசான நெல் அறுவடை முடிஞ்சா வீட்டு அரிசி ஒரு மூடை வரணும், தேங்காய் வரணும், அவசரத்துக்கு ஒரு ராத்திரி போய் இருக்கணும். எங்க சாப்பாட்டுச் செலவு 12,000ல இருந்து 8,500 ஆனதுல பாதி அந்த அரிசியாலயும் தேங்காயாலயும்தான்.

அதனால என் கணக்கு, சொந்த ஊர்ல இருந்து 15 முதல் 25 கிலோமீட்டர், ஒரே பஸ்ல போய் வர்ற தூரம். சேர்மாதேவி எங்களுக்கு அப்படித்தான் அமைஞ்சுது. திருநெல்வேலிக்கும் 20 கிலோமீட்டர் கிட்டதான், செங்கோட்டை போற பாசஞ்சர் நிக்கும், டிக்கெட் பத்து ரூபா. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் எல்லாம் அதே ரயில் பாதையிலதான் இருக்கு, அதையும் பாருங்க. டவுன் பஸ்ல 2021ல இருந்து பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது, நான் திருநெல்வேலியில பேட்டை, டவுன் பக்கம் போறதெல்லாம் அதுலதான். பாளையங்கோட்டையில பெருமாள்புரம், மகாராஜ நகர், கேடிசி நகர் பக்கம் நல்ல வீடு இருக்கு, ஸ்கூலு காலேஜு எல்லாம் பக்கம், ஆனா வாடகை சேர்மாதேவியை விட ரெண்டு மடங்கு, சில இடத்துல அதுக்கும் மேல. கடன் முடிஞ்சப்புறம் அங்க போய்க்கலாம்.

தண்ணியையும் பாருங்க. தாமிரபரணி ஓரத்து ஊருன்னா குடிக்கிற தண்ணிக்குப் பெருசா காசு செலவில்ல. நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் நிறைய இடத்துல போர் தண்ணி உப்பு, வாடகை 3,000ன்னு சந்தோஷப்பட்டு வந்துட்டு கேனு, லாரித் தண்ணின்னு மாசம் ஆயிரம் குடுக்குறவங்க இருக்காங்க.

ஆத்தோரம்னா வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 மழையை நாங்க இங்க இருந்து பார்த்தோம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெய்ஞ்சுது, தாமிரபரணி கரை மீறி திருநெல்வேலி ஜங்ஷன், கலெக்டர் ஆபீஸ் எல்லாம் தண்ணிக்குள்ள. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எங்க வீட்டுக்காரங்க ஜங்ஷன் பக்கம் வீடு வீடா நனைஞ்ச ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் பிரிச்சுக் காய வச்சுட்டு இருந்தாங்க, நிறைய வீட்டுல கூலி வாங்க மனசு வரல, பார்ட்ஸ் காசு மட்டும் வாங்கிட்டு வந்தாங்க. வீட்டுக்குள்ள இடுப்பு உயரத்துல செவுத்துல ஒரு பழுப்புக் கோடு, அதுக்குக் கீழ பெயின்ட் உரிஞ்சு தொங்கும், அதை நீங்க ஒரு தடவை பார்த்தா மறக்க மாட்டீங்க. வீடு பார்க்கும்போது புரோக்கரைக் கேக்காதீங்க, எதுத்த வீட்டு ஆச்சியைக் கேளுங்க, "23 டிசம்பர்ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு ஆச்சி?"ன்னு. கையைக் காமிச்சு சரியா சொல்லுவாங்க.

வீடு: வாடகையா, ஒத்தியா

இங்க ஒத்தி ரொம்ப சகஜம். ரெண்டோ மூணோ லட்சம் மொத்தமா குடுத்தா மாச வாடகை கிடையாது, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு பணத்தைத் திருப்பிக் குடுப்பாங்க. கேக்க நல்லா இருக்கும், "வாடகையே இல்லயே"ன்னு. கடன் இருக்குறவங்க இதுல விழக் கூடாதுங்கிறது என் உறுதியான எண்ணம். அந்த 3 லட்சம் கையில இருந்தா மாசம் 3.5% ஓடுற கார்டுல போட்டா மாசம் 10,500 வட்டி நிக்கும், ஒத்தியில போட்டா 4,500 வாடகைதான் மிச்சம். கடன் வாங்கி ஒத்திக்குப் போறது அதைவிட மோசம், காலி பண்ணுற நேரத்துல வீட்டு ஓனர்கிட்ட பணம் இல்லன்னா இன்னொரு ஆள் ஒத்திக்கு வர்ற வரைக்கும் நீங்க நகர முடியாது.

வாடகை பேசும்போது கேக்க வேண்டியது, கரண்டுக்கு தனி மீட்டரா, இல்ல சப் மீட்டரா. தனி கார்டுன்னா ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும், சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வீட்டு ஓனர் வாங்குனா அது வராது. எழுத்துல அக்ரிமென்ட் போட்டுக்கிடுங்க, ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் எல்லாத்துக்கும் முகவரி மாத்த அதுதான் கைகுடுக்கும்.

அட்வான்ஸும் நகையும்: கடனை மாத்துன இடம்

சென்னை வீட்டு அட்வான்ஸ் ஒரு லட்சம். பெயின்டிங்குக்குன்னு 14,000 பிடிச்சுக்கிட்டு 86,000 தந்தாங்க. காலி பண்ணுற தேதியை ரெண்டு மாசம் முன்னாடியே எழுதிக் குடுத்துருங்க, இல்லன்னா ஒரு மாச வாடகை அதுலயும் போகும். இங்க அட்வான்ஸ் 25,000, சாமான் கொண்டு வர 16,000, மிச்சம் 45,000. அதுல அன்னைக்கே ஆப் லோன் 40,000ஐ முடிச்சோம். இந்த அட்வான்ஸ் பணம் கைக்கு வர்ற ஒரு வாரம்தான் ரொம்ப ஆபத்தான வாரம், புது வீட்டுக்கு பீரோ வாங்கலாம், வாஷிங் மெஷின் மாத்தலாம்னு தோணும். நோட்டுல முன்னாடியே "86,000 வந்தா எங்க போகும்"னு எழுதி வச்சிருந்ததாலதான் நாங்க தப்பிச்சோம்.

அடுத்து நகை. என்கிட்ட இருந்த 7 பவுனை கூட்டுறவு கடன் சங்கத்துல வச்சு 2,10,000 வாங்கி, கார்டு 1,50,000, மூணு வட்டி 60,000 ரெண்டையும் ஒரே நாள்ல அடைச்சோம். வருஷ வட்டி 10% கிட்ட, மாசம் 1,750. முன்னாடி அந்த ரெண்டுக்கும் வட்டியா மட்டும் 7,995 போயிட்டு இருந்துச்சு. இப்ப மாசக் கட்டாயம் பேங்க் தவணை 10,400, நகை வட்டி 1,750, மொத்தம் 12,150. நாலு மாசம் கையில நின்னது 13,200. ஆயிரம் ரூபா இடைவெளியில நாலு மாசம் ஓட்டுனோம், ஒரு பவுன் குறைஞ்சிருந்தாலும் முடிஞ்சிருக்காது.

நகைக்கடன்ல ஒரு வருஷம்னு கெடு இருக்கும், வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கணும், விட்டா ஏலத்துக்குப் போயிரும். தேதியை காலண்டர்ல சிவப்புல வட்டம் போடுங்க. கழுத்துல ஒண்ணும் இல்லாம கல்யாண வீட்டுக்குப் போறது எனக்கு முதல்ல ரொம்ப சங்கடமா இருந்துச்சு, கவரிங் போட்டேன், கையைப் பிடிச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம விட்டவங்க உண்டு. ரெண்டு கல்யாணம் போனப்புறம் பழகிருச்சு.

நகை இல்லாதவங்க கார்டுக்காரங்ககிட்டயே பேசி பாக்கியை தவணையா மாத்தச் சொல்லிக் கேளுங்க, வட்டி பாதிக்கும் கீழ வர வாய்ப்பு உண்டு. கார்டை உடனே வெட்டிப் போட்டுருங்க, தவணையும் கட்டிட்டு தேய்க்கவும் தேய்ச்சா வேலைக்காகாது. "செட்டில்மென்ட் பண்ணிக்கலாம், பாதி கட்டுங்க"ன்னு சொன்னா அவசரப்படாதீங்க, ரிப்போர்ட்ல குளோஸ்ட்னு வராம செட்டில்டுன்னு வரும், பின்னாடி வீட்டுக்கடன் கேக்கும்போது அது நிக்கும். வேற வழியே இல்லன்னா மட்டும், அதுவும் லெட்டர் கையில வாங்கிட்டுத்தான் பணம்.

சாமான், சர்டிபிகேட்டு, மத்தது

பேக்கர்ஸ் ஒருத்தர் 30,000 கேட்டாங்க. இங்க இருந்து வாழைக்காய் ஏத்திட்டு சென்னைக்கு வர்ற வண்டி திரும்பும்போது காலியாத்தான் வரும், அப்படி ஒரு வண்டியை ஊர்க்காரர் மூலமா பிடிச்சு 16,000ல முடிச்சோம், கட்டுறது ஏத்துறது எல்லாம் நாங்களே. பழைய சோபா, கட்டில் இதெல்லாம் அங்கயே வித்துருங்க, படுக்க பத்தமடைப் பாய் போதும்.

மே மாசத்துல வாங்க, பிள்ளைக்கு டிசி வாங்கி ஜூன்ல சேர்க்க வசதி. இந்தப் பக்கம் நல்ல அரசு உதவி பெறும் பள்ளிக்கூடம் நிறைய இருக்கு, நூறு வருஷத்துக்கு மேல நடக்குற பள்ளிக்கூடம்லாம் உண்டு. ரேஷன் கார்டு முகவரி மாத்துங்க, அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. பெரிய ஆஸ்பத்திரி செலவுக்கு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி இருக்கு, மெடிக்கல் காலேஜோட சேர்ந்தது. பெங்களூர்ல இருந்து வர்றவங்க வண்டிக்கு என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்காம வந்துராதீங்க, 12 மாசத்துக்கு மேல இங்க ஓட்டுனா இங்க பதிஞ்சாகணும்.

ஓடி வரல, குடி வர்றோம்

கடன் குடுத்த எல்லாருக்கும் புது முகவரி, போன் நம்பர் குடுத்துட்டு வாங்க. நம்பரை மாத்திட்டா தொல்லை விடும்னு நெனைக்காதீங்க, நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போயிட்டே இருக்கும், நீங்க பார்க்காமலே கேஸ் நடந்துரும். எங்க பேங்க்ல நேர்ல போய் மேனேஜரைப் பார்த்து ஊர் மாறுறோம், தவணைத் தேதியை 5ல இருந்து 10க்கு மாத்துங்கன்னு கேட்டோம், எழுதி வாங்கிட்டு மாத்திக் குடுத்தாங்க. சம்பளம் வந்தப்புறம் தவணை போற மாதிரி வச்சுக்கிட்டா பவுன்ஸ் சார்ஜுன்னு வீணா போகாது.

வசூல் ஆளுங்க காலையில 8 மணிக்கு முன்னாடியும் சாயந்தரம் 7 மணிக்கு மேலயும் கூப்புடக் கூடாது, 2022 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் போட்ட உத்தரவு. மிரட்டுனா முதல்ல அந்த பேங்குக்கோ கம்பெனிக்கோ எழுத்துல புகார், 30 நாள்ல சரியான பதில் இல்லன்னா ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) ஆன்லைன்லயே போடலாம், காசு கிடையாது. ஆப் லோன்காரங்க போட்டோவை மாத்தி அனுப்பிருவேன்னு மிரட்டுனா சைபர் கிரைம் நம்பர் 1930க்கு அடிங்க.

வட்டிக்காரங்ககிட்ட மட்டும் போகாதீங்க

முதல் நாலு மாசம் கை ரொம்ப இறுகும், அப்ப யாராவது "அண்ணாச்சி ஒருத்தர் இருக்காரு, 20,000 இன்னைக்கே தருவாரு"ன்னு சொல்லுவாங்க. கந்து வட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டின்னு பேர்தான் வேற. 2017 அக்டோபர்ல நம்ம நெல்லை கலெக்டர் ஆபீஸ்லயே அப்பா, அம்மா, ரெண்டு சின்னப் பிள்ளைகன்னு ஒரு குடும்பமே கந்து வட்டிக் கொடுமையால தீக்குளிச்சு இறந்துபோச்சு. அதை நெனச்சா இப்பவும் கை நடுங்குது. இந்த வட்டியைத் தடுக்க 2003ல இருந்தே தமிழ்நாட்டுல தனிச் சட்டம் இருக்கு, ஏற்கனவே மாட்டியிருந்தா எஸ்பி ஆபீஸ்ல, கலெக்டர் மனு நாள்ல குடுக்கலாம். கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் தருவாங்க, 15100க்கும் பேசலாம். மனசு தாங்கலன்னா 14416, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழ்ல பேசுவாங்க. கடன்ங்கிறது கட்டித் தீர்க்கக் கூடிய விஷயம், தயவுசெய்து பேசுங்க.

அஞ்சாவது மாசத்துல இருந்து

வருமானம் 42,000 ஆனப்புறம் மாசம் 9,000 கூடுதலா நின்னுச்சு. இதை எந்தக் கடன்ல போடுறது? வட்டி கூட இருக்குறது முதல்லங்கிறது பொதுவான கணக்கு, அப்படிப் பார்த்தா 14% பேங்க் லோன். ஆனா எங்க லோன்ல முன்கூட்டியே கட்டுனா அதுக்கு சார்ஜ், அதுக்கு மேல ஜிஎஸ்டின்னு போட்டிருந்துச்சு, நகைக்கோ வருஷக் கெடு, ஏல பயம். அதனால நகையில போட்டோம். உங்க லோன் பேப்பரை எடுத்து பார்ட் பேமென்ட் பத்தி என்ன போட்டிருக்குன்னு படிச்சுட்டு முடிவு பண்ணுங்க. எதுல போட்டாலும் சம்பளம் வந்த அன்னைக்கே போடுங்க. நான் மாசா மாசம் 2ஆம் தேதி சங்கத்துக்கு நேர்ல போய்க் கட்டி ரசீது வாங்கி நோட்டுல ஒட்டுவேன். மாசக் கடைசியில மிஞ்சுறதைக் கட்டலாம்னு ஒரு மாசம் விட்டுப் பார்த்தேன், 9,000ல 3,400தான் இருந்துச்சு.

செய்முறைக்கும் அதே நோட்டுல ஒரு பக்கம் போட்டேன். எங்க கல்யாணத்துல, மக காதுகுத்துல யார் யார் எவ்வளவு செஞ்சாங்கன்னு பழைய நோட்டைத் தேடி எழுதினேன், அதுவும் கடன்தானே, திருப்பிச் செய்யணும்ல. அவங்க செஞ்சது 500ன்னா நாங்களும் 500, எங்களுக்கு செய்யாதவங்க வீட்டுக்கு போய் சாப்பிட்டு வேலை செஞ்சு குடுத்துட்டு வர்றது, இந்த மூணு வருஷத்துக்கு அப்படித்தான்னு முடிவு பண்ணுனோம். மாசம் 1,000க்கு மேல அந்தப் பக்கத்துல எழுதுறதில்ல. அத்தைகிட்ட கடன் விஷயத்தை முழுசா சொன்னது எங்க வீட்டுக்காரங்கதான், சொன்னப்புறம் அத்தையே சொந்தக்காரங்ககிட்ட "பிள்ளைக இப்ப கைய இறுக்கிப் பிடிச்சுட்டு இருக்காவ, அடுத்த வருஷம் பாப்போம்"னு சமாளிச்சுட்டாவ. மறைச்சு வச்சிருந்தா அது நடந்திருக்காது.

ஒவ்வொரு கடன் முடியும்போதும் நோ டியூ சர்டிபிகேட் (இனி பாக்கி இல்லங்கிற சான்று) வாங்குங்க, ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி ரிப்போர்ட் எடுத்து குளோஸ்ட்னு வந்திருக்கான்னு பாருங்க. எங்க ஆப் லோன் முடிச்சு மூணு மாசம் ஆகியும் பாக்கின்னே காமிச்சுது, நோ டியூ மெயிலை வச்சு புகார் போட்டப்புறம்தான் மாத்துனாங்க.

நகை வந்ததுல இருந்து அந்தப் பணத்தையும் சேர்த்து மாசம் 21,000 பேங்க் லோனுக்குப் போகுது. அது முடிஞ்சா சித்தி கைமாத்து ஒரு லட்சம். சித்தி இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல, போன மாசம் வீட்டுக்கு வந்தப்ப நோட்டைக் காமிச்சு, "உங்களுக்கு எப்ப ஆரம்பிக்கும்னு இதுல எழுதியிருக்கேன் சித்தி, பாத்துக்கிடுங்க"ன்னு சொன்னேன். கண்ணாடியைப் போட்டு அந்தப் பக்கத்தை மெதுவா படிச்சுட்டு, பேனா கேட்டு வாங்கி, தேதிக்குப் பக்கத்துல அவங்க பேங்க் அக்கவுண்ட் நம்பரை எழுதிக் குடுத்தாங்க.